அவசரம் லேது

புதுச் சால்வைக்கு ஒரு வாசனை உண்டு. பிளாஸ்டிக் கவரும் பாச்சா உருண்டையும் கலந்த வாசனை. நான் சித்தூர் வார்டு கார்ப்பரேட்டராக ஜெயித்த முதல் வாரம் எங்கள் வீடு முழுக்க அந்த வாசனைதான்...

எனக்குச் சந்தேக புத்தி கொஞ்சம் அதிகம். ஒவ்வொருவரும் போர்த்திவிட்டுப் போன பிறகு, இவர் எதற்கு வந்திருப்பார் என்று அலச ஆரம்பித்துவிடுவேன். "இந்த ஜரிகையப் பாருங்க. இது சும்மா வந்த சால்வையா?" என்று கேட்டால் வீட்டுக்காரர் சிரிப்பார்.

வெறும் கையோடு வந்தவர் எதிர்வீட்டு எஸ்தர் அக்கா மட்டும்தான்.

வேலூர் பக்கத்திலிருந்து சித்தூருக்கு வாக்கப்பட்டு வந்த நாள் முதல் எனக்கு அவர்தான் துணை. கதவைத் தட்டவே மாட்டார். நேராக அடுப்படிக்கு வந்து, பால் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "டீ போடு ரூபி" என்பார். எலெக்‌ஷனில் எனக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்.

"தண்ணி தூக்கிக்கினு தூக்கிக்கினு என் முட்டியே தேஞ்சி பூட்ச்சி. மொத மீட்டிங்லயே நம்ம தெருவுக்குப் போரு கேளு. வேற இன்னாவும் வேணாம்."

தெருக்கோடியில் இருந்த பழைய போர்வெல் வற்றிப்போய், டேங்கர் வந்தால்தான் தண்ணீர் என்ற நிலை. கேட்கிறேன் அக்கா என்று கையைப் பிடித்துச் சொன்னேன்.

அதற்குள் திருப்பதியில் புது மெம்பர்களுக்கு இரண்டு நாள் கிளாஸ். ஏசி ஹால், நோட்டு, பேனா. மெம்பரின் பொறுப்பு என்ன, அஜெண்டாவை எப்படிப் படிப்பது, கேள்வியை எப்படிக் கேட்பது... எல்லாம் தெலுங்கில். எங்களுக்கு வீடு தமிழ், சர்ச் தமிழ், தெருவும் தமிழ். எனக்குத் தெரிந்ததெல்லாம் மார்க்கெட் தெலுங்கு. பாதி தலைக்கு மேலே போனது.

டீ நேரத்தில், கிளாஸ் எடுத்த ரிட்டயர்டு ஆபீசர் என் முழியைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே சொன்னார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்கம்மா. உங்கள அவசரப்படுத்துறவங்கள நம்பாதீங்க. நின்னு படிச்சிட்டு அப்புறம் சரின்னு சொல்லுங்க."

என் புத்திக்கு ஏற்ற பாடம். நோட்டில் அதை மட்டும் இரண்டு முறை அடிக்கோடு போட்டேன்.

முதல் கூட்டம். நான் வாயைத் திறக்கும் முன்பே எங்கள் தெரு போர் அஜெண்டாவில் இருந்தது! கேட்காமல் எப்படி வந்தது? போதாததற்கு கார்ப்பரேஷன் இன்ஜினீயர் பையன் ஒருவர் என் நாற்காலிப் பக்கம் குனிந்து, "ஈரோஜே ஓகே செப்பண்டி மேடம், ஈரோஜே..." என்று நச்சரித்தார். இன்றைக்கே சொல்ல வேண்டுமாம். அடுத்தவர் வீட்டுத் தண்ணீருக்கு ஒருவர் இப்படிப் பறப்பாரா? பின்னால் எந்த கான்ட்ராக்டரோ...

மைக் என் முன்னால் வந்தது. ஒன்றும் அவசரமில்லை, படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்பதுதான் என் எண்ணம். கம்பீரமாகத் தெலுங்கில் சொன்னேன்.

"அவசரம் லேது சார்."

இன்ஜினீயருக்கு வாய் திறந்தபடியே இருந்தது. மேடையிலிருந்து, "அவசரம் லேதா அம்மா?" என்று இன்னொரு முறை கேட்டார்கள். "லேது சார்" என்றேன், இன்னும் உறுதியாக. அடுத்த ஐட்டத்துக்குப் போய்விட்டார்கள். பொறுப்பான மெம்பராக நடந்துகொண்ட பெருமையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கூட்டம் முடிந்து படி இறங்கும்போது பக்கத்து வார்டு கார்ப்பரேட்டர் அம்மா கேட்டார். தெலுங்குக்காரர், தமிழும் பேசுவார். "ஏங்க, உங்க தெருவுக்குப் போரு வேணாம்னு சொல்லிட்டீங்க?"

"நான் எப்போ வேணாம்னு சொன்னேன்? அவசரம் இல்லன்னுதானே..."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "அய்யோ ராமா... தெலுங்குல அவசரம்னா தேவைங்க. அவசரம் இல்லன்றதுக்கு நீங்க தொந்தர லேதுன்னு சொல்லியிருக்கணும்."

மேலே ஓடினேன். இன்ஜினீயர் ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார். போர் வண்டி பலமனேர் பக்கத்திலிருந்து வந்ததாம், இரண்டு நாள்தான் ஊரில் நிற்குமாம். டேங்கர் வரிசையைப் பார்த்து அவரே எங்கள் தெருவைச் சேர்த்தாராம். பறந்ததற்கு அதுதான் காரணம். நான் வேண்டாம் என்றதும் வண்டியை அடுத்த வார்டுக்கு எழுதிவிட்டார்களாம். அவர் எனக்குச் சால்வைகூடப் போர்த்தியதில்லை. அதை நான் கவனிக்கவே இல்லையே...

அடுத்த கூட்டத்தில் கேட்டேன். அதற்கடுத்த கூட்டத்திலும் கேட்டேன். போர் வருவதற்குள் இரண்டு கோடை போய்விட்டது.

"அடுத்த வார்டுக்கு நம்ம போர வித்துட்டா" என்று தெருவில் பேச்சு. பாஷைக் குழப்பம் என்று வீடு வீடாகச் சொன்னேன். இத்தனை வருஷம் இந்த ஊரில் இருந்துகொண்டு இந்த வார்த்தை தெரியாதா என்றார்கள். நியாயம்தான். வேறு ஒருத்தி இதைச் சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

எஸ்தர் அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார். எங்கள் அடுப்படிக்கு வருவது நின்றுபோனது.

கடைசியில் போர் போட்ட அன்று, ஸ்விட்சை நீங்கதான் போடணும் அக்கா என்று கெஞ்சினேன். "அவசரம் இல்லம்மா. நீயே போடு" என்றார். ரூபி என்றுதான் எப்போதும் கூப்பிடுவார்...

இப்போது பதவிக்காலம் முடிந்துவிட்டது. வந்த சால்வைகளில் ஒன்று தையல் மெஷினுக்கு உறை, ஒன்று கிரைண்டருக்கு. வாசலில் யாரும் வந்து நிற்பதில்லை. குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. எஸ்தர் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்.

நேற்றும் கூப்பிட்டேன். "உள்ள வாங்கக்கா, பால் காச்சி வெச்சிருக்கேன்."

"அவசரம் இல்லம்மா."

பிறந்ததிலிருந்து இந்த ஊர்க்காரர் அவர். ஒரே மூச்சில் இரண்டு பாஷையும் வரும். அந்த அவசரத்தைத் தமிழில் சொல்லியிருந்தால், பிறகு வருவார். தெலுங்கில் சொல்லியிருந்தால்...

எந்த பாஷையில் சொன்னீங்க என்று கேட்டுவிடலாம்தான். எதிர்வீடுதானே. எனக்குத்தான் கேட்கப் பயமாக இருக்கிறது.