பின்சக்கரத்துச் சத்தம்

எங்கள் பழைய காரின் பின்பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் முதன்முதலாகக் கிளம்பியது ஒத்தக்கடையில், பேருந்துக்குக் காத்திருந்த கூட்டத்தின் முன்னால். பிரேக்கை மெல்ல அழுத்தியதும் தகரத்தைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போன்ற ஒரு கரகரப்பு. நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் பக்கத்து இருக்கையில் இருந்த மதினி தலையைக் குனிந்தபடி, மடியிலிருந்த விடைத்தாள் கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மதினி என் கணவரின் அக்கா. நகரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு ஆசிரியை. புகுந்த வீட்டை விட்டு வந்து எங்களோடு தங்கிச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஏன் வந்தார் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. என் கணவருக்கு வெளிநாட்டில் வேலை என்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். வார நாட்களில் அவரைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கப்பலூரில் நான் தரச் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்குப் போவேன். சனி, ஞாயிறுகளில் கார் அவருடையது. நாற்பது வயதுக்கு மேல் ஓட்டக் கற்றவர். ஞாயிறு ஆராதனைக்குத் தானே ஓட்டிப் போவதில் அவருக்கு இருந்த சந்தோஷம், ஆணியிலிருந்து சாவியை எடுக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

அன்று திங்கட்கிழமை. நான் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி.

"மதினி, நேத்து ஹேண்ட்பிரேக் ஏதும் இறுக்கமா இருந்துச்சா?"

"நான் எறக்கிட்டுத்தான் ஓட்டுனேன்" என்றார். பள்ளி வாசலில் விடைத்தாள் கட்டை அணைத்தபடி இறங்கிப் போனார். அந்த வாரக் கடைசியில் சாவியைத் தொடவில்லை. ஆட்டோவில் ஆராதனைக்குப் போய் வந்தார். அடுத்த சில நாட்களில், பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அறை காலியாக இருப்பதாக, குழம்பில் உப்புச் சரியா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

அந்தக் கேள்விக்கும் இந்த விடுதிக்கும் தொடர்பு உண்டென்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நேராகக் கேட்டால் இல்லையென்றுதான் சொல்வார். அதனால் சனிக்கிழமை காலையில், "சத்தம் எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிக்கணும் மதினி. நான் ஓட்டுறேன், நீங்க பின்னாடி உக்காந்து கேளுங்க" என்று அழைத்துப் போனேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு கல்லூரி மதிலையொட்டி ஆளில்லாத சாலை உண்டு. மதிலில் பட்டுத் திரும்புவதால் சத்தம் நன்றாகக் கேட்கும். மதினி கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதை வெளியே நீட்டினார். "இடது பக்கம். மெதுவா மிதிச்சாத்தான் வருது, அழுத்தி மிதிச்சா அடங்கிருது" என்றார். பிறகு இடம் மாறினோம். அவர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். அதே இடது பக்கம், அதே கரகரப்பு.

"நீ ஓட்டும்போதும் இம்புட்டுத்தானா?"

"இம்புட்டேதான் மதினி."

காரை ஓரங்கட்டி நிறுத்தினார். "அப்ப ஓட்டுற ஆளுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்ல" என்றார், கரும்பலகையில் விடையை எழுதி அடிக்கோடு போடுவதுபோல.

மேலூர் சாலையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஓரிடத்தில் உரசியது. சக்கரத்தைக் கழற்றி, உள்ளிருந்த, சட்டி போன்ற பிரேக் டிரம்மைச் சுத்தியலால் தட்டித் தட்டி எடுத்தார். கறுப்புத் தூசியை ஈரத்துணியால் துடைத்ததும் விஷயம் தெரிந்தது. டிரம்மின் உட்புறத்தை அழுத்திச் சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூவை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் சின்ன ஸ்பிரிங் அறுந்து கிடந்தது. பிடி விட்ட ஷூ சாய்ந்து, டிரம்மின் உட்புறத்தில் வரிவரியாகக் கோடு கிழித்திருந்தது.

"ஹேண்ட்பிரேக்கப் போட்டுக்கிட்டே ஓட்டுனா இப்புடி ஆகுமா?" என்று மதினி கேட்டார்.

"அதுக்கு ஷூ பூரா கருகியிருக்கும்க்கா. இது துருப் புடிச்சு அத்துருக்கு. யாரு ஓட்டுனாலும் அத்துத்தான் இருக்கும்."

புது ஷூவும் ஸ்பிரிங்கும் கடையில் கிடைத்தன. ஆனால் கோடு விழுந்த டிரம்மை லேத்தில் கடைய வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதால் இரண்டையும். பக்கத்து லேத் பட்டறை பூட்டியிருந்தது. கப்பலூரில் எனக்குத் தெரிந்த லேத் உண்டென்று சொல்லி, ஆளுக்கொரு டிரம்மைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறினோம். மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் மாறி ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது.

மடியில் இரும்பு கனக்க, ஜன்னலைப் பார்த்தபடியே மதினி பேசினார். "அந்த வீட்ல மிக்ஸி நின்னா நான். மோட்டார் பொகஞ்சா நான். பால் திரிஞ்சாலும் நான்தான். கடைசியில எனக்கே அப்புடித்தான் போலன்னு தோணிருச்சு. நீ ஹேண்ட்பிரேக்கக் கேட்டதும், சரி, இங்கயும் ஆரம்பிச்சிருச்சுன்னு நெனச்சேன்."

திருப்பரங்குன்றத்து மலை ஜன்னலில் வந்து மெல்லப் பின்னால் போனது. நான், "விடுதிக்கு வாரேன்னு சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னும் சொல்லல."

"சொல்ல வேணாம் மதினி."

இறங்கும்போது என் பையையும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை பட்டறையிலிருந்து காரை ஓட்டி வந்தது அவர்தான். புது ஷூ பதியும்வரை நிதானமாக ஓட்டச் சொல்லியிருந்தார்கள். லாரிகளெல்லாம் ஒலியெழுப்பிக் கடந்து போக, அவர் எதையும் சட்டை செய்யாமல் ஓட்டினார். விடுதிப் பேச்சு பிறகு எழவில்லை. இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு. நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் ஒரு மோதல் சத்தம். நான் கையைத் துடைப்பதற்குள் மதினியே உள்ளே வந்துவிட்டார்.

"காரப் பின்னாடி எடுக்கையில வாசக்கேட்டுத் தூண்ல இடிச்சிட்டேன். வெளக்கு ஒடஞ்சிருச்சு. தூணக் கவனிக்கல, நான்தான்" என்றார். அதே மூச்சில், "நாளைக்கு மாத்திக்கிருவோம், இப்ப ஆராதனைக்கு நேரமாச்சு. நீயும் வாரியா?" என்றார்.

வெளியே போய்ப் பார்த்தேன். தூணின் கீழே ஈரத்தில் சிவப்புத் துண்டுகள் சிதறிக் கிடந்தன. மதினி துடைப்பத்தோடு என் பின்னால் வந்து, ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தபடி அவற்றைக் கூட்டி அள்ளினார்.