வசந்தா மேடம் மாற்றிய அம்புக்குறி

வசந்தா மேடம் காலமான செய்தியை, முன்பு எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸில் வேலை பார்த்த சிவக்குமார்தான் போனில் சொன்னார். காலை ஏழரை மணி. முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்தேன். "சார், நம்ம வசந்தா மேடம் போய்ட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம், ஆஸ்பத்திரி போய்ச் சேர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. வீடு அதே ஸ்ரீராம்புரம்தான். வந்துடுங்க." வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை, பயம். இனி அவரிடம் சொல்லவே முடியாது என்ற பயம். துக்கம் அரைமணி கழித்து பஸ்ஸில் வந்தது.

சந்துக்குள் நாற்காலி போட்டிருந்தார்கள். பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சிவக்குமார் பக்கத்தில் நின்றவரிடம் மெல்லச் சொன்னார்: "தங்கமான மனுஷி. அந்த ஒரு படம் மட்டும் தப்பாப் போட்டுட்டாங்க, பாவம். அதோட மவுஸைத் தொடவே இல்ல." மேடத்தின் மகள் உமா அதைக் கேட்டுத் தலையாட்டினாள். நான் கையில் இருந்த மாலையைப் பெட்டியின் மேல் வைத்தேன்.

பதிமூன்றாம் நாள் கூடும்போது கொடுப்பதற்கு ஒரு சிறு வெளியீடு போடுவதாகச் சிவக்குமார் சொன்னார். "நீங்கதானே சார் கூடவே உக்காந்து வேலை பாத்தீங்க, ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்று கேட்டார். எழுதுகிறேன். அந்தப் படத்தைத் தப்பாக்கியது வசந்தா மேடம் இல்லை. நான். பன்னிரண்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

அவரை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீன்யா தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் கம்பெனி ஆஸ்பத்திரிகளுக்கு ஸ்டெரிலைசர் செய்தது. அறுவைச் சிகிச்சைக் கருவிகளை உள்ளே வைத்துப் பூட்டி, நீராவியை அழுத்தத்தில் ஏற்றிக் கிருமி நீக்கும் இரும்புப் பெட்டி அது. மேடம் அங்கே டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இங்கிலீஷ் ஐந்திலும் போன் பேசுவார். ஊர் ஊராக அந்தப் பெட்டியை இயக்கும் அட்டெண்டர்கள், ஏதாவது மக்கர் செய்தால் முதலில் கூப்பிடுவது இவரைத்தான். குரலை வைத்தே எந்த ஊர் ஆள் என்று சொல்லிவிடுவார். அவர்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. என்னைவிட எட்டு வயது மூத்தவர். ஆனாலும் நான் டிப்ளமோ படித்தவன் என்று என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

இயந்திரத்தோடு கொடுக்கும் கையேட்டைத் தயாரிப்பது என் வேலை. முதலாளியின் மகன், இலவசமாகக் கிடைத்தது என்று, புத்தகத்தை அச்சுக்கோக்க லேடெக்கும், படம் வரைய எக்ஸ்ஃபிக் என்ற சின்ன மென்பொருளும் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். வெள்ளைத் தாள் மாதிரி ஒரு திரை. ஓரத்தில் வட்டம், பெட்டி, கோடு, அம்பு என்று பொத்தான்கள். அவ்வளவுதான். எனக்கோ மவுஸைப் பிடித்தாலே வேர்க்கும். வட்டம் போட்டால் முட்டை வரும். ஒரு நாள் மதியம் டிபன் டப்பாவோடு வந்து பின்னால் நின்று பார்த்த மேடம், "எந்திரிங்க சார், நான் ஒரு கை பாக்கறேன்" என்றார். இரண்டே வாரத்தில் குழாய், வால்வு, கதவு, மீட்டர் எல்லாம் அவருக்குக் கைவந்துவிட்டன. படத்துக்குள் வரும் பெயர்களை மட்டும் லேடெக் தன் எழுத்தில் கோத்துக்கொள்ளும். அதனால் திரையில் ஓர் அளவில் தெரிவது தாளில் வேறு அளவில் விழும். "ஸ்கிரீன்ல ஒண்ணு, பேப்பர்ல ஒண்ணு. நம்ம முதலாளி மாதிரியே சார், மீட்டிங்ல ஒரு பேச்சு, ரூம்ல ஒரு பேச்சு" என்று சிரிப்பார்.

ஒவ்வொரு படம் முடிந்ததும் அதை அச்செடுத்துக்கொண்டு வாசல் கேட்டுக்குப் போவார். பெயர்களின் மேல் காகிதத் துண்டு ஒட்டி மறைத்து, இங்கிலீஷ் தெரியாத வாட்ச்மேன் நஞ்சப்பாவிடம் நீட்டி, இதைப் பார்த்தால் நீ என்ன செய்வாய், செய்து காட்டு என்பார். நஞ்சப்பா காற்றில் கையைத் திருகிக் காட்டுவார். தப்பான பக்கம் திருகினால் மேடம் வந்து திரும்ப வரைவார். நான் கேலி செய்வேன். ஒரு தடவை பதில் சொன்னார்: "படிக்கிறது நீங்க சார். ஆவிக்குப் பக்கத்துல நிக்கிறவன் படத்தைத்தான் பாப்பான். அவன் மூஞ்சி எனக்குத் தெரியாது, குரல் தெரியும். அதான் பயமா இருக்கு." பல்லிக்கும் லிஃப்ட்டுக்கும்கூடப் பயப்படுகிறவர் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிறகு புது மாடல் ஒன்று வந்தது. பழையதில் ஆவியை வெளியேற்றும் வால்வு வலப்பக்கம், புதியதில் இடப்பக்கம். இதற்காக மறுபடி வரைய வேண்டியதில்லை. எக்ஸ்ஃபிக்கில் முழுப் படத்தையும் ஒரே பொத்தானில் இடவலமாகத் திருப்பிவிடலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல. எழுத்துகள் மட்டும் திரும்பாமல் நேராக நிற்கும். அதில்தான் ஆபத்து இருந்தது. கைப்பிடியை எந்தப் பக்கம் திருகினால் வால்வு திறக்கும் என்று காட்டும் வளைந்த அம்பும் சேர்ந்து திரும்பிவிடும். வால்வோ அதே பழைய வால்வு. இடப்பக்கமாகத் திருகினால்தான் திறக்கும். எழுத்தெல்லாம் சரியாக இருப்பதால் பார்க்கிறவர் கண்ணுக்குத் தப்புத் தெரியாது. மேடம் இதைக் கவனித்து, அந்த அம்பை மட்டும் அழித்துச் சரியான பக்கமாக வரைந்தார். நஞ்சப்பாவிடமும் காட்டிவிட்டு வந்தார்.

அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய நாள். உமாவுக்குக் காய்ச்சல் என்று மேடம் மதியமே போய்விட்டார். நான் கடைசியாக ஒரு முறை அச்செடுத்துப் பார்த்தேன். 'வால்வு' என்ற பெயர் குழாயின் மேல் ஏறி நின்றது. அதைக் கொஞ்சம் நகர்த்துகிறேன் பேர்வழி என்று பாதிப் படத்தை எங்கோ இழுத்துவிட்டேன். பதற்றத்தில் அப்படியே சேமித்தும்விட்டேன். அச்சகத்து ஆள் வாசலில் நின்று மணி பார்க்கிறார். பழைய மாடலின் படத்தை எடுத்தேன், திருப்பினேன், பெயரைச் சரி செய்தேன், வேறு பெயரில் சேமித்துக் கொடுத்தனுப்பினேன். அசல் மேடத்தின் படமாகவே தெரிந்தது. அம்பு என் நினைவுக்கே வரவில்லை. மறுநாள் அவரிடம் சொல்லவும் இல்லை. அவர் படத்தைக் கெடுத்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

ஐந்தாறு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை முற்பகல் போன் அடித்தது. நான் மேடத்தின் மேஜைக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு சிற்றூர் நர்சிங் ஹோமின் அட்டெண்டர், மல்லேஷ் என்று பெயர். அவர் சொல்வதை மேடம் கன்னடத்தில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டே வந்ததால் எனக்கும் விளங்கியது. படத்தில் காட்டியபடி திருகினேன், வால்வு நகரவில்லை. ஸ்பேனர் போட்டு அழுத்தியும் பார்த்துவிட்டேன். மீட்டர் கண்ணாடியில் ஆவி படிந்து முள் தெரியவில்லை. நகரவில்லை என்றால் வால்வு ஏற்கெனவே திறந்துதானே இருக்கிறது, கதவைத் திறக்கட்டுமா? இதுதான் மல்லேஷின் கேள்வி.

மேடம் கையேட்டைப் பிரித்து அந்தப் பக்கத்தைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வால்வு இறுக மூடியிருக்கிறது, உள்ளே ஆவி முழு அழுத்தத்தில் நிற்கிறது, கதவைத் திறந்தால் மனிதர் வெந்துபோவார் என்பது எனக்கும் அதே நொடியில் புரிந்தது.

"முட்டபேடி" என்றார் மேடம். தொடாதீர்கள். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. "மெயின் சுவிட்சை அணைச்சிட்டு வந்து போன்கிட்டயே உக்காருங்க மல்லேஷ். ரிசீவரைக் கீழ வைக்காதீங்க." கன்னடத்தில் பேசியதை நான் தமிழில் தருகிறேன். ஸ்பேனர் பட்ட வால்வு உடைந்துவிடுமோ என்று, அதை எதிர்ப்பக்கம் திருகச் சொல்லவும் அவருக்குத் துணிவில்லை. பெட்டி தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர் கருவி கேட்டுக் கத்துகிறார் என்றார் மல்லேஷ். "கத்தட்டும். நீங்க என்கிட்ட பேசுங்க. அங்க மழையா? உங்களுக்கு எத்தனை குழந்தைங்க?"

ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படிப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு தடவை பதில் நின்றுபோனது. மேடம் "ஹலோ மல்லேஷ், ஹலோ" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். டீ டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. யாரோ அலறுவது போனில் கேட்கப் போகிறது என்று காத்திருந்தேன். இரண்டு நிமிடம் கழித்து மல்லேஷ் வந்தார். தண்ணீர் குடிக்கப் போயிருந்தாராம்.

பெட்டி ஆறிவிட்டது என்று உறுதியாகிப் போனை வைத்ததும் மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மாடல் போன ஊர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் கூப்பிட ஆரம்பித்தார். மாலைக்குள் எல்லோரையும் பிடித்துவிட்டார். யாருக்கும் ஒரு சின்னக் கொப்புளம்கூட இல்லை. அது முழுக்க அவரால்.

அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது நான் கம்ப்யூட்டர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு படத்தின் மேல் சேமித்தால், அதற்கு முந்தைய படத்தை எக்ஸ்ஃபிக் தனியாக எடுத்து வைத்திருக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திறந்து பார்த்தேன். மேடம் வரைந்த படம். இடப்பக்கம் வால்வு. அதைச் சுற்றிய அம்பு சரியான பக்கம் திரும்பியிருந்தது. கதவுக்கு வெளியே அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது, "அக்கா பேசறேன், அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க" என்று ஊர் ஊராக. வேலை போகும், போலீஸ் வரும், கல்யாணமாகி ஆறே மாதம். அந்தப் படத்தை அழித்தேன்.

திங்கட்கிழமை முதலாளி எங்களை அறைக்குக் கூப்பிட்டு, யார் வரைந்தது என்று கேட்டார். "நான்தான் சார்" என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்பை மாத்தின மாதிரிதான் சார் எனக்கு ஞாபகம். கடைசியா நீங்கதானே பாத்தீங்க. நான் மாத்தலயா?"

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் சொன்னேன்: "மறந்திருப்பீங்க மேடம். பாப்பாவுக்கு வேற அன்னிக்கு உடம்பு சரியில்ல."

அன்று மத்தியானம் அவர் கேட்டுக்குப் போய் நஞ்சப்பாவிடம், அந்தப் படத்தைக் காட்டியபோது எந்தப் பக்கம் கையைத் திருகினாய் என்று விசாரித்தார். "எஷ்டோ சித்ர தோர்சிதீரா அக்கா, நெனப்பில்ல" என்றார் நஞ்சப்பா. எத்தனையோ படம் காட்டினீர்கள், நினைவில்லை. மேடம் சரி என்று திரும்பி வந்தார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன்.

முதலாளி அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவராகவே போன் மேஜைக்குத் திரும்பிவிட்டார். "என் கை மேல எனக்கே நம்பிக்கை இல்ல சார், இனி வேணாம்" என்றார். அதன் பிறகு எந்த அட்டெண்டருக்கு எதைச் சொன்னாலும், போனை வைத்துவிட்டு மறுபடி கூப்பிட்டு, நான் சரியாகத்தான் சொன்னேனா என்று கேட்பார். நான் இரண்டு வருடத்தில் வேறு கம்பெனிக்குப் போனேன். கல்யாண வீடுகளில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தைகளை விசாரிப்பார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். சாப்பாடு நன்றாக இருந்ததா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

அன்று ஸ்ரீராம்புரத்தில் உமா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "அம்மா வெளிய கிளம்புனா நாலு தடவ கேஸ் மூடியிருக்கான்னு பாப்பாங்க அங்கிள். பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வருவாங்க. 'நான் மறக்கிற ஜென்மம்டி'ன்னு சொல்வாங்க. ஆனா மூடாம போனதே கிடையாது. ஏன்தான் அப்படி பயந்தாங்களோ தெரியல" என்றாள். டம்ளரை அப்படியே நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

ஏன் என்று எனக்குத் தெரியும். இனி உமாவுக்கும் தெரிந்துவிடும்; அச்சுக்குப் போகும் முன் இதை அவளிடம்தான் முதலில் கொடுக்கிறேன். அதன் பிறகு பதிமூன்றாம் நாள் அந்தச் சந்துக்குள் நுழைய என்னை விடுவார்களா என்று தெரியாது. பயந்துகொண்டேதான் வருவேன்.

வசந்தா மேடம், நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். அம்பை நீங்கள் மாற்றியிருந்தீர்கள். நான் கண்ணால் பார்த்தேன். நீங்கள் எதையும் மறக்கவில்லை. போய் வாருங்கள்.