சபிக்கவாவது ஒரு சாமி

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்த சலவைக்கூடத்தில் மூன்று பெண்கள் வேலை பார்த்தார்கள். அழுக்குத் துணியை இயந்திரத்தில் போட்டு எடுப்பவள் ஒருத்தி. கிழிசலைத் தைத்துச் சரிசெய்பவள் ஒருத்தி. இஸ்திரி போட்டு மடித்து அடுக்குபவள் ஒருத்தி. இது அந்த மடிப்புக்காரியின் கதை.

அவள் பேசி யாரும் அதிகம் கேட்டதில்லை. சின்ன வயதிலேயே படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்கு வந்தவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாயைத் திறந்தால் தப்பாகிவிடுமோ என்று பயந்து பயந்தே, பேசாமல் இருப்பது பழகிப் போயிற்று. அதற்காகக் கண்ணும் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். ஒரு தலையணை உறையைப் பார்த்தே, அதில் படுத்தவர் ராத்திரி முழுக்க அழுதாரா, தூங்கினாரா என்று சொல்லிவிடுவாள். கேட்டால்தான் சொல்வாள். சலவைக்காரி அவளுக்கு 'ஊமச்சி' என்று பேர் வைத்திருந்தாள்.

படுக்கை விரிப்பு பெரியது. ஒருத்தியால் மடிக்க முடியாது. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, எதிரும் புதிருமாக நடந்து வந்து, கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். அதனால் அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. தையல்காரி முஸ்லிம். அவள் தொழப் போனால் மற்ற இருவரும் மடிப்பார்கள். சலவைக்காரி கிறிஸ்தவப் பெண். மதியம் சோப்பு மூட்டைக்குப் பக்கத்தில் அவள் மண்டியிட்டால் தையல்காரி மெஷினை விட்டு எழுந்து வருவாள். மடிப்புக்காரியின் முறை வந்தால், அவள் துணி உலர்த்தும் இயந்திரத்துக்குப் பின்னால் போய் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வருவாள். மேஸ்திரிக்கு இது தெரியும். விரிப்பு மேலே வார்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தவரை அவன் கேட்டதில்லை.

மடிப்புக்காரியின் அம்மா படுக்கையில் விழுந்தபோதும் அந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது. அவள் குடியிருந்தது இரண்டு அறை வீடு. கட்டினவன் போன பிறகு அவளும் அம்மாவும்தான். தோழிகள் மூன்று பேரும் முறை வைத்து, யாராவது ஒருத்தி அம்மாவோடு வீட்டில் இருப்பாள். சலவைக்காரி அம்மாவைப் புரட்டிப் போட்டு உடம்பு துடைத்துவிடுவாள். தையல்காரி தலைவாரிப் பின்னிவிடுவாள். "பெத்தது ரெண்டு, வந்து சேர்ந்தது ரெண்டு" என்று அம்மா பொக்கை வாயால் சிரிப்பாள்.

பெற்றதில் மூத்தது அண்ணன். வசதியானவர். கோயில் நிர்வாகக் குழுவில் பெரிய ஆள். நெற்றி காலியாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அம்மாவைப் பார்க்க ஒருநாள் வந்தவர், சாமி படம் மாட்டியிருந்த அறையின் மூலையில் தையல்காரி தொழுதுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டார். வீடு இரண்டுபட்டது. அன்றைக்கே காரை வரவழைத்து அம்மாவைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மடிப்புக்காரி அண்ணன் வீட்டு கேட்டில் போய் நின்றாள். கூட அந்த இரண்டு பேரும்.

"நீ மட்டும் உள்ளே வா. இவங்க வேற சாமி கும்பிடுறவங்க. என் வாசலை மிதிக்கக் கூடாது" என்றார் அண்ணன்.

ஊமச்சி வாயைத் திறந்தாள். "இவங்க தொட்டுத் துடைச்ச உடம்புதான் அண்ணா உள்ளே படுத்திருக்கு. அப்போ அம்மாவையும் வெளியே தள்ளிடுங்க."

"அப்படின்னா நீயும் வராதே" என்று அவர் கேட்டைச் சாத்தினார்.

அதற்குப் பிறகு அவள் எத்தனையோ தடவை போய்ப் பார்த்தாள். கேட் திறக்கவில்லை. போனை எடுக்கவில்லை. ஒருநாள் காலையில் காய்கறிக் கடைக்காரர் வெண்டைக்காயை நிறுத்துக்கொண்டே, "ஏம்மா, நேத்து உங்கம்மாவைக் கொண்டுபோனப்போ உன்னைக் காணோமே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அம்மா செத்துப்போனது அப்படித்தான் அவளுக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து சாமி படங்களைச் சுவரிலிருந்து கழற்றினாள். ஒரு பழைய விரிப்பில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அண்ணன் கும்பிடுகிற சாமி அண்ணனோடேயே இருக்கட்டும்.

மறுநாள் முறை வந்தபோது அவள் நகரவில்லை.

"போடி, உன் நேரம்" என்றாள் சலவைக்காரி.

"எனக்குக் கும்பிட யாரும் இல்ல."

"ஆள் இல்லேன்னா சும்மா போய் உட்காரு. நாங்க ரெண்டு பேரும் எழுந்து போக, நீ மட்டும் மாடு மாதிரி நின்னு உழைப்பியா? நாளைக்கு எனக்கு மண்டிபோடவே கூசும்."

தையல்காரி எழுந்து வந்தாள். மடிப்புக்காரி கையிலிருந்த விரிப்பின் முனைகளை மெல்லப் பிடுங்கிக்கொண்டாள்.

அவள் இயந்திரத்துக்குப் பின்னால் போய்க் கவிழ்த்து வைத்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். கும்பிடவில்லை. திட்டினாள். இயந்திரம் போடுகிற சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியம். அண்ணன் கையை, காலை, அந்தக் கேட்டை, நெற்றியை, எல்லாவற்றையும் வைது தீர்த்தாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டாள்.

அது தினசரி வேலையாயிற்று. வெளியே வாய் திறக்காதவள் அங்கே கொட்டித் தீர்த்தாள். ஒருநாள் தையல்காரி பக்கத்தில் வந்து நின்றதை அவள் கவனிக்கவில்லை.

"யார்கிட்ட பேசுற?"

"யார்கிட்டயும் இல்லக்கா. அண்ணனைத் திட்டுறேன்."

"திட்டு. வேண்டாம்னு யாரு சொன்னா? ஆனா கடைசியில, 'என் முகத்தைப் பார்க்காமலே அவன் போகணும், பார்த்துக்க'ன்னு யார்கிட்டயோ ஒப்படைச்சியே. அது யாரு?"

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது.

"வெட்கப்படாதே. அநியாயம் நடந்தா நாங்களும் மேலதான் முறையிடுவோம். கேட்கறதுக்கு ஒருத்தர் வேணும்ல?"

"எங்க ஆளுங்க பைபிள்லயே, பகையாளி பல்லை உடைன்னு கேட்டிருக்காங்க" என்று சலவைக்காரி அந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள். "நானும் மேஸ்திரி பேரைச் சொல்லிக் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். இன்னும் அவன் பல்லு வரிசையாத்தான் இருக்கு."

மூன்று பேரும் சிரித்தார்கள். ஆனால் மடிப்புக்காரிக்கு அந்தக் கேள்வி மனசில் தைத்துவிட்டது. உண்மைதானே? யாருமே இல்லையென்றால் அண்ணனை யார் கேட்பார்கள்? போலீஸ் கேட்காது. ஊர் கேட்காது. ஊர் அவருக்கு மாலைதான் போடும். சபிக்கவாவது ஒரு சாமி வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்தாள். படங்களைத் துடைத்து மாட்டினாள். விளக்கை ஏற்றினாள். அது வேண்டுதல் அல்ல, வழக்கு. "அவன் தினமும் உன் முன்னாடி வந்து நிற்கிறான். நீயும் சும்மா பார்த்துக்கிட்டு இருக்கே. எனக்குப் பதில் சொல்லு" என்று முகத்துக்கு நேராகக் கேட்டாள். முன்பெல்லாம் கும்பிட்டபோது அவள் சாமியிடம் இப்படிப் பேசியதே இல்லை. யாரோ எழுதிக் கொடுத்த மாதிரி, நல்லா வச்சிரு, காப்பாத்து என்று முணுமுணுத்துவிட்டு வருவாள். இப்போதுதான் எதிரே ஆள் இருப்பதுபோல் பேசினாள்.

கொஞ்ச மாதம் போயிற்று. ஒருநாள் சலவைக்கூட வாசலில் அண்ணி வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"உங்க அண்ணன் மேல வார்டுல இருக்காரு. வயித்துல கட்டி. இந்த வாரம் ஆபரேஷன். பிழைப்பாரான்னு டாக்டர் உறுதியா சொல்ல மாட்டேங்கறார். உன்னைப் பார்க்கணும்னு உயிரை விடறார். ஒரு தடவை வந்துட்டுப் போம்மா."

மடிப்புக்காரிக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைப்பானேன்? கேட்டுவிட்டார். மேலே இருக்கிறவர் கேட்டுவிட்டார். இத்தனை நாளும் காற்றோடு பேசவில்லை. அடுத்த நொடியே பயம் வந்தது. அப்படியானால் அவர் இருக்கிறார். தான் பேசிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"அம்மா முகத்தை நான் பார்க்கல அண்ணி. என் முகத்தை அவர் பார்க்க வேண்டாம்" என்றாள். அண்ணி அழுதுகொண்டே போனாள்.

"என் சாபம் பலிச்சிடுச்சு" என்று தோழிகளிடம் போய்ச் சொன்னாள்.

"ஆமாம், பெரிய ரிஷி" என்றாள் சலவைக்காரி. "அந்த வார்டு முழுக்க வயித்துக்காரங்கதான். அத்தனை பேரையும் நீதான் சபிச்சியா?"

"நீ சொன்னதும் ஓடிப்போய்ச் செய்ய அவர் என்ன உன் வேலைக்காரரா?" என்றாள் தையல்காரி. "நீ கேட்டே. கேட்டது உன் உரிமை. என்ன செய்யணுங்கறது அவர் இஷ்டம்."

"அப்போ நான் போகணும்கறீங்களாக்கா?"

"நான் அப்படிச் சொல்லல. அந்த கேட்ல உன்கூட நானும்தான் நின்னேன். அன்னிக்கு வீட்டுக்குப் போய் நான் அல்லாகிட்ட என்ன துஆ கேட்டேன்னு உனக்குத் தெரியாது."

அன்று முழுக்க மடிப்புக்காரி, விரிப்பை மடிக்கும்போது எதிரே வந்து சேரும் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்று சோப்பில் ஊறி வெளுத்த கை. ஒன்று ஊசி குத்திக் குத்தித் தழும்பேறிய கை. மறுநாள் காலையில் சலவை விரிப்பு ஒன்றை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள்.

"வாங்க, மேல போகலாம். மூணு பேரும்."

வார்டில் நர்ஸ் விரிப்பு மாற்ற ஆயத்தமாக நின்றாள். "நாங்களே மாத்திக்கறோம் சிஸ்டர்" என்று மடிப்புக்காரி சொன்னதும், ஒரு வேலை குறைந்ததென்று அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அண்ணன் பாதியாக வற்றிப்போயிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கண் கலங்கியது. "வந்துட்டியா. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்..."

"அப்புறம் சொல்லலாம் அண்ணா. முதல்ல விரிப்பை மாத்தணும். அக்கா, நீங்க தோளைப் பிடிங்க. நீ இடுப்பைப் பிடிடி."

அண்ணனின் பார்வை தையல்காரியின் முக்காட்டுக்குப் போனது. பிறகு சலவைக்காரியின் கழுத்திலிருந்த சிலுவைக்கு. "நர்ஸ் இல்லையா?"

"இருக்காங்க. நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

இரண்டு பேரும் அவரைத் தூக்கி ஒருக்களித்துப் புரட்டினார்கள். பாதி அந்தரத்தில் அவர் இருந்தபோது சலவைக்காரி குனிந்து கேட்டாள். "எங்க கை பட்டா உங்க சாமி கோவிச்சுக்குமா அண்ணே? கோவிச்சுக்கும்னா சொல்லிடுங்க, அப்படியே விட்டுடறோம்."

"அம்மாவை இப்படித்தான் புரட்டுவாங்க" என்றாள் மடிப்புக்காரி. அவள் கால்மாட்டில் நின்றாள். அவள் குரல் உயரவில்லை. "இந்தக் கைதான். நல்லாப் பார்த்துக்கங்க."

"வலிக்குதா?" என்று கேட்டது தையல்காரி மட்டும்தான்.

அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு குழந்தை மாதிரி அழ ஆரம்பித்தார். அழுகைக்கு நடுவில் வந்தது அது. "அம்மா உன்னைக் கேட்டுக்கிட்டே இருந்தா. 'வர்றா, வழியில இருக்கா'ன்னு நான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அதையே சொன்னேன். அவ வாசலையே பார்த்துக்கிட்டு இருந்தா. அப்புறம் இவங்க ரெண்டு பேரையும் கேட்டா. தலை பின்னி விடணுமாம்."

"கடைசி வரைக்கும் கேட்டாங்களா?"

"கடைசி வரைக்கும். என்னை மன்னிச்சிடும்மா."

அவள் புது விரிப்பின் நுனியை மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகினாள். சுருக்கம் இல்லாமல் தடவிவிட்டாள். அழுக்கு விரிப்பைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

படிக்கட்டில் பாதி இறங்கியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மேலும் கீழும் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் வெட்கப்படவில்லை. கண்ணை மூடிக் கைகூப்பி உதடு அசைய வேண்டிக்கொண்டாள். தோழிகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.

"என்னடி கேட்ட?" என்றாள் சலவைக்காரி.

"அண்ணன் பிழைக்கணும்னு."

"மன்னிச்சிட்டியா?"

"மன்னிக்கறதா?" அவள் கண்ணைத் திறந்தாள். "செத்துட்டா எல்லாத்தையும் இறக்கி வச்சுட்டுப் போயிடுவான். அம்மா வாசலைப் பார்த்துக்கிட்டு இருந்ததைப் பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவன் இருக்கணும். நல்லா நரைச்சு, பல்லு விழுந்து, ரொம்ப நாள் இருக்கணும். இருந்து தினமும் அதைப் பார்க்கணும். அதைத்தான் கேட்டேன்."

"அடிப்பாவி" என்று சலவைக்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். "இப்படி ஒரு ஜெபத்தை நான் எங்கயும் கேட்டதில்ல."

"பிழைக்கணும்னுதானே கேட்டிருக்கா? அதை மட்டும் நானும் சேர்ந்து கேட்கறேன். மீதி அவ பாடு, அவ சாமி பாடு" என்றாள் தையல்காரி.

ஆபரேஷன் அன்று சலவைக்கூடத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேலையை விட்டு மூன்று மூலைக்குப் போனார்கள். விரிப்புகள் மலையாகக் குவிந்தன. மேஸ்திரி வந்து கத்திவிட்டுப் போனான். கத்தும்போது அவன் பல்லைப் பார்த்துச் சலவைக்காரி பெருமூச்சு விட்டாள்.

அண்ணன் பிழைத்தார்.

இப்போதெல்லாம் ஞாயிறு மாலையில் மடிப்புக்காரி அவர் வீட்டுக்குப் போகிறாள், இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அண்ணனே தடியை ஊன்றி வந்து கேட்டைத் திறக்கிறார். அண்ணி நாற்காலி போடுகிறாள். உடம்பு எப்படி இருக்கிறது, மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்றெல்லாம் மடிப்புக்காரி அக்கறையாக விசாரிக்கிறாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் கேட்கிறாள்.

"அம்மா என்ன கேட்டாங்க அண்ணா? முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் சொல்கிறார். சில நாள் பாதியிலேயே நிறுத்திவிடுவார். அவள் அவசரப்படுத்துவதில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். முடிந்ததும் எழுந்து வீட்டுக்கு வந்து, விளக்கேற்றி, சாமியிடம் மனசாரச் சொல்கிறாள்: "இன்னிக்கும் சொன்னான். அவனை நல்லா வச்சிரு."