மேரியக்கா வீட்டு மாடிச் சத்தம்

1986 ஆகஸ்ட் 20, புதன்கிழமை, காலை பதினொன்று பத்து. காலைக் காட்சியில் நான்காவது ரீல் ஓடிக்கொண்டிருந்தது. பெண்கள் பக்கம் நாற்பத்தொரு பேர். எண்ணிக்கை எனக்குத் தெரியக் காரணம், அன்று அவர்களுக்கு டிக்கெட் கிழித்தவன் நான். எங்கள் தியேட்டரில் மின்சாரமும் ஒலிக்கருவியும் பார்ப்பவன் நான். வாசலில் நிற்பது என் வேலையல்ல. நிற்க வேண்டிய சகாயமேரி அக்கா வரவில்லை. அதனால் எரிச்சலோடு நின்றிருந்தேன்.

சைக்கிள் ஸ்டாண்டு ராசு ஓடி வந்தான். சட்டை முழுக்க ஈரம்.

"மேரியக்கா செத்துப் போச்சுடா. குழாயடியில குடத்தோட விழுந்துச்சு."

"யாரு சொன்னா? டாக்டர் பாத்தாரா? நீ நேர்ல பாத்தியா?" என்று வரிசையாகக் கேட்டேன்.

"நான்தாண்டா தூக்குனேன்" என்றான் ராசு.

படத்தை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் அக்காவே சத்தம் போட்டிருப்பார். ஆனால் அன்று ஆறாவது ரீலில், எல்லாரும் கத்துகிற இடத்தில், சரியாகக் கத்தினவர்கள் பாதிப் பேர்கூட இல்லை. அதற்குக் காரணம் உண்டு. அதைச் சொன்னால்தான் அக்கா யார் என்று தெரியும். தியேட்டர் ஊழியர்கள் சேர்ந்து போடும் இந்த நினைவுப் புத்தகத்துக்கு எழுத ஒத்துக்கொண்டதும் அதற்காகத்தான்.

அக்காவுக்கு வயது நாற்பத்தாறு. பேகம்பூர்ச் சந்தில் வாடகை வீடு. கேரளாவுக்கு வேலைக்குப் போன கணவர் திரும்பவில்லை. ஒரே மகள் ஜெயராணி பதினோராம் வயதில் மஞ்சள்காமாலையில் இறந்துவிட்டாள். 1982இல், டிப்ளமோ முடித்த கையோடு நான் இங்கே சேர்ந்த வாரமே, தூக்குவாளியைத் திறந்துகொண்டே இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார். சொல்லி முடித்ததும், "சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் கெடக்கு, வேணுமா?" என்றார். வேண்டும் என்று கையை நீட்டினேன்.

எந்தப் புதுப்படமாவது படுத்துவிட்டால் முதலாளி ஒரு பழைய பேய் பங்களாப் படத்தின் பெட்டியை வரவழைப்பார். கறுப்பு வெள்ளை. மழையில் கார் நின்றுவிடும், பெரிய வீடு ஒன்று தெரியும், அரிக்கேன் விளக்கோடு கிழவன் வருவான், மாடியில் யாரோ நடப்பார்கள். பிரிண்ட் முழுக்கக் கீறல். ஒலியில் பாதி இரைச்சல். ஆனால் பெண்கள் பக்கம் நிரம்பிவிடும். பார்த்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். இதில் என்ன இருக்கிறதென்று எனக்கு விளங்கவே இல்லை. அக்கா இறந்த அன்று ஓடியதும் இந்தப் படம்தான்.

அக்கா வாசலில் நின்று டிக்கெட்டை மட்டும் கிழிக்க மாட்டார். ஒவ்வொருத்தியாக விசாரிப்பார்.

"மொதத் தடவையாம்மா?"

"ஆமாக்கா, சாணார்பட்டியிலருந்து வாரோம். ரொம்பப் பயமா இருக்குமாமே?"

"அம்புட்டெல்லாம் இல்ல. நீ நடுவுல வந்து உக்காரு. ஏ பாத்திமா, செத்த நகரு. இவளை உன் பக்கத்துல வச்சுக்க."

"எனக்கு இது ஏழாவது தடவக்கா. எந்த எடத்துல கத்தணும்னு அத்துபடி."

"நீ கத்தாத தாயி. இவ கத்தட்டும்."

இதே மாதிரி ஒவ்வொரு வரிசையிலும் புதிதாக வந்தவர்களைப் பழகியவர்கள் நடுவே உட்கார வைப்பார். அக்கா இறந்த அன்று டிக்கெட்டை மட்டும் கிழித்து அனுப்பிய நான் இதைச் செய்யவில்லை. அப்போதெல்லாம் எனக்கு இது நேர விரயமாகத் தோன்றியது. "எங்கயாச்சும் உக்காரட்டும்க்கா, சீட்டு எல்லாம் ஒண்ணுதான்" என்றேன்.

"உனக்கு ஒயரைத் தவிர என்ன தெரியும்? பாத்தவளுக்குப் பேய் புதுசில்ல அப்பு. பக்கத்துல ஒருத்தி பயப்படுறதைப் பாக்க வாரா. தான் மொதல்ல பயந்தது அவளுக்கு அப்பத்தான் திரும்பக் கெடைக்குது."

முப்பது வருடத்துப் படம் இன்னும் ஓடுவதற்கு இதைவிடச் சரியான காரணத்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. அன்று ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் புரிய வைக்க வேண்டும் என்று உட்கார்ந்து விளக்கினேன். அந்தப் பேய் ஒரே ஃபிலிமில் இரண்டு முறை எடுத்தது. மாடியில் நடக்கும் சத்தம், ஸ்டுடியோவில் எவனோ பலகைமேல் செருப்பைத் தட்டியது.

அக்கா பொறுமையாகக் கேட்டார். "செருப்பைத் தட்டுனவன் யாருக்காகத் தட்டுனான்?"

"பாக்குற நமக்காகத்தான்."

"அப்ப நமக்குக் கேட்டுட்டுப் போகுது. உனக்கு எங்க வலிக்குது?"

ராசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "மத்த படத்துல செத்தவங்களுக்கு ஒரு மாலையைப் போட்டுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிர்றான். இந்தப் படத்துலதான் வீட்டை விட்டுப் போகாம இருக்காங்க" என்றார். அன்று நானும் ராசுவோடு சேர்ந்து சிரித்தேன்.

அக்காவிடம் ஒரு பழக்கம் இருந்தது. தினமும் பன்னிரண்டு மணிக்கு, படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வாசலை ராசுவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். உச்சி வெயிலில் நடை. இரண்டு மணிக்குத் திரும்பி வருவார். "அப்படி என்ன வேலை?" என்று கேட்டால், "கெடக்கு" என்பார். பலமுறை திட்டியிருக்கிறேன்.

1985 ஏப்ரலில் ஒருநாள், பேச்சோடு பேச்சாக, "எங்க வீட்டு மாடியிலயும் மத்தியானம் நடக்குற சத்தம் கேக்கும், தெரியுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பக்கத்துப் போர்ஷனில் குடிவந்த இரண்டு குடும்பங்கள் அதற்குப் பயந்து காலி செய்துவிட்டதாகவும் சொன்னார்.

"தகரக் கூரையா?"

"ஆமா."

"நான் வந்து பாக்குறேன்."

"வேண்டாம் அப்பு. இருந்துட்டுப் போகுது."

எனக்குச் சிரமம் வைக்கக் கூடாதென்று சொல்கிறார் என்று நினைத்தேன். நான் அப்படித்தான் நினைப்பேன்.

மே மாதம் வெள்ளையடிப்பதற்காகத் தியேட்டர் இரண்டு நாள் மூடியிருந்தது. முதல் நாளே ட்ரில்லிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். மாடியில் தகரம் வேய்ந்த ஒரே அறை. அதில் ஒரு பாய், ஒரு சிலேட்டு. கீழே உட்கார்ந்து காத்திருந்தோம். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தது. டக். டக் டக். கூரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை, பிள்ளை ஒன்று ஓடுவது மாதிரியே இருந்தது. அக்கா சேலைத் தலைப்பைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஏணியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஆணிகள் துரு ஏறி இறுகியிருந்தன. வெயிலில் தகரம் விரிகிறது. ஆணி விடாமல் பிடிக்கிறது. மீறி நழுவும்போது சத்தம். ஆணிகளைப் பிடுங்கினேன். ஓட்டைகளைப் பெரிதாக்கி, தார் வாஷர் வைத்து, கொக்கி மாதிரி வளைந்த ஜே போல்ட் இருபத்திரண்டு போட்டேன். மறுநாளும் ஸ்பேனரோடு போய்ப் பன்னிரண்டிலிருந்து ஒன்றரைவரை உட்கார்ந்திருந்தேன். துளிச் சத்தம் இல்லை. எனக்கு அப்படி ஒரு பெருமை.

"நல்லாப் பாத்தியா அப்பு? ஆணிதானா?" என்று கேட்டார் அக்கா.

"ஆணிதான்க்கா. வேற ஒண்ணுமில்ல."

"வேற ஒண்ணுமில்ல" என்று திருப்பிச் சொன்னார். எழுந்து போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். சீனி போட மறந்திருந்தார். அதையும் சொல்லிக் காட்டினேன்.

அதன் பிறகு அக்கா மதியம் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டார். காலைக் காட்சி விட்டதும், காலியான பெண்கள் பக்கத்தில், நடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பார். "இப்பத்தான் அக்காவுக்குப் புத்தி வந்திருக்கு. வெயில்ல அலையறதில்ல" என்று ராசுவிடம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்த டிசம்பரில் பங்களாப் படம் மறுபடி வந்தது. மிஷின் ரூம் படியேறி வந்த அக்கா, மூச்சு வாங்க நின்றார். "அந்த மாடிச் சத்தம் வர்ற எடத்துல மட்டும் கொஞ்சம் கூட்டி வையேன்."

"ஆம்ப்ளிஃபயர் தாங்காதுக்கா."

"கொஞ்சமாச்சும்?"

"ஏற்கனவே கிழியுது. கூட்டினா வெறும் இரைச்சல்தான் வரும்."

"சரி அப்பு" என்று இறங்கிப் போனார். நான் சொன்னது டெக்னிக்கலாகச் சரி. நான்கு வருடத்தில் அவர் என்னிடம் கேட்ட ஒரே உதவி அது.

அடக்கம் முடிந்து அக்கா வீட்டு வாசலில் நின்றிருந்தபோது பக்கத்து வீட்டு ஜைனப் பீவி வந்தார். அக்காவோடு பதினைந்து வருடம் பழகியவர்.

"தம்பி, நீயாப்பா அந்தத் தகரத்தை முடுக்குனது?"

"ஆமாம்மா."

"உன்னைக் கொறை சொல்லல. உனக்குத் தெரியாது. புள்ளையைப் பொதைச்ச குழியை ஏழு வருசத்துல வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்க. சிலுவையும் இல்ல, ஒண்ணும் இல்ல. எங்க போயி நிக்கிறதுன்னு தெரியாம அலைஞ்சா. அப்பத்தான் ஒருநாள், 'ஜைனப்பு, ஜெயா மாடியிலதாண்டி வெளையாடுறா'ன்னு வந்து சொன்னா. பள்ளிக்கூடம் விட்டுச் சாப்பிட வர்ற நேரமாம் அது. தெனமும் அந்நேரத்துக்கு ரெண்டு தட்டு வைப்பா."

நான் அண்ணாந்து மாடித் தகரத்தைப் பார்த்தேன்.

"நீ போல்ட்டு போட்டுட்டுப் போன மறுநா ராத்திரி எங்கிட்ட வந்தா. 'அது ஆணியாம்டி'ன்னா. அம்புட்டுத்தான். அதுக்கப்புறம் ஜெயா பேரையே எடுக்கல."

"என்னை ஏதாச்சும் சொன்னாங்களாம்மா?"

"உன்னை எதுக்குப்பா சொல்லப் போறா? 'அந்தப் புள்ள வெயில்ல ஏறி எனக்காக மெனக்கெட்டுச்சு'ன்னுதான் சொன்னா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பேய் கிடையாது. இப்போதும் சொல்கிறேன். அது ஆணிதான். ஆனால் அக்கா என்னிடம் கேட்டது கூரையைப் பற்றி அல்ல. தன் மகள் இருக்கிறாளா என்று கேட்டார். நான் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இல்லை என்று சொல்லிவிட்டேன். சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்த எனக்கு, அதை யார் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பார்க்கத் தெரியவில்லை.

இனி நான் செய்யப்போவது:

1. அக்காவின் சிலுவையில் ஜெயராணியின் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் கேட்பேன். அந்தக் குழி இல்லை, இது வேறு குழி என்பார். தெரியும் என்பேன்.

2. இந்த இடத்தில் முதலில் "போல்ட்டுகளைக் கழற்றுவேன்" என்று எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். கழற்றினால் சத்தம் வரும். கேட்பதற்கு அக்கா இல்லை.

3. மாடி அறையில் கிடந்த ஜெயராணியின் சிலேட்டை ஜைனப் பீவியிடம் கேட்டு வாங்கிக்கொள்வேன். கொடுக்க மனமில்லை என்றால் வற்புறுத்த மாட்டேன்.

4. நவம்பரில் கல்லறைத் திருநாள் வருகிறது. பன்னிரண்டு மணிக்குப் போய் நிற்பேன். அக்காவுக்குக் கேட்காது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் வாய்விட்டே சொல்வேன்: "நான் சரியாப் பாக்கலக்கா."