கடைசி வரி இல்லாத பூச்சிகள்

"எந்த ஊர்?" என்று கேட்டால் செங்கல்வராயன் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். பிறகு மாட்டிக்கொண்டு, கேட்டவரை ஏற இறங்கப் பார்த்து, "உங்களுக்கு?" என்கிறார். கேட்டவர் கடப்பைக்காரர் என்றால், நாங்களும் இந்தப் பக்கம்தான் என்று சொல்கிறார். வேலூர்க்காரர் என்றால், நாங்களும் அந்தப் பக்கம்தான். இரண்டும் பொய்யில்லை. அவருடைய ஊர் எந்தப் பக்கம் என்று டில்லிக்கே இன்னும் தெரியாது.

பள்ளிப்பட்டுக்கு அருகே, மாந்தோப்புகளுக்கு நடுவில் இருக்கிற ஊர். அதன் பெயரை எழுதமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். தம் பெயருக்கும் சேர்த்து வாங்க மறந்துவிட்டார். இப்போதைக்கு அந்த ஊர் ஆந்திராவில் இருக்கிறது. எல்லைத் தகராறு தீர்ந்ததும் மெட்ராஸுக்குப் போய்விடும் என்று காலையில் சொல்கிறவர்கள், போகாது என்று சாயங்காலம் சொல்கிறார்கள். செங்கல்வராயன் இரண்டு வேளையும் காதைப் பொத்திக்கொள்கிறார்.

திருப்பதியில் அவருக்குப் பெயர் ராயலு. தணிகை மலை முருகனை ஞாபகப்படுத்தும் முன்பாதியை ரேணிகுண்டா ஜங்ஷனிலேயே இறக்கி வைத்துவிட்டு வருகிறார். கையில் இருக்கும் தமிழ்ப் பத்திரிகையும் அங்கேதான் தெலுங்குப் பத்திரிகையாக மாறுகிறது. மெஸ்ஸில் கோங்கூரா ஊறுகாயைக் கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு, காரம் போதவில்லை என்று இன்னொரு கரண்டி கேட்கிறார். அறைத் தோழன் கோவர்த்தனன் என் அத்தை மகன், ரசாயன ஆராய்ச்சிக்காரன், வாய் மட்டும் ஆராய்ச்சிக்கு அடங்காதது. "ராயலுகாரு, பகல்லாம் தெலுங்குல வாழ்ந்துகினு, ராத்திரி தூக்கத்துல சுத்தத் தமிழ்ல பெனாத்தறீங்களே" என்று ஒருநாள் சொல்லி வைத்தான். அன்று முதல் செங்கல்வராயன் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு தூங்குகிறார். பெனாத்தவில்லை, சும்மா சொன்னேன் என்று பிறகு அவனே சொல்லியும் துண்டு அவிழவில்லை.

இவருடைய தொழில் பூச்சி. மாம்பூவின் சாற்றை உறிஞ்சி, பூவையே கருக்கிவிடும் தத்துப்பூச்சி, அரிசியைவிடச் சிறிது. பூக்கிற காலத்தில் தோப்புத் தோப்பாக அலைந்து பிடித்து, ஒவ்வொன்றையும் முக்கோண அட்டைத் துணுக்கில் ஒட்டி, ஊசியில் குத்திப் பெட்டியில் நிறுத்துகிறார். அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே, ஒரு சீட்டு. எந்த ஊர், எந்த ஜில்லா, எந்த ராஜ்யம் என்று அதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பூச்சி சாஸ்திரத்தில் அந்தப் பூச்சி பிறந்ததாகவே கணக்கில்லை. செங்கல்வராயன் எறும்பெழுத்தில் எல்லாவற்றையும் எழுதுகிறார். ராஜ்யம் என்ற கடைசி வரியை மட்டும் விட்டுவிடுகிறார். உலகத்திலேயே எந்தச் சர்க்காருக்கும் கட்டுப்படாத பூச்சிகள் இவர் பெட்டியில்தான் இருக்கின்றன.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன். விஷயம் தெரிந்த பிறகு அவ்வளவாகச் சிரிக்க முடியவில்லை.

அவருக்கு டாக்டர் பட்டம் கிடைத்தாகிவிட்டது. பெட்டியில் உள்ள பூச்சிகளில் ஒன்று இதுவரை யாரும் பெயர் வைக்காத இனமாக இருக்கலாம் என்று அவருடைய பேராசிரியர் நினைக்கிறார். ஒப்பிட்டுப் பார்க்க லண்டனுக்குத்தான் போகவேண்டும். அதற்குச் சர்க்கார் இந்த வருஷம் ஒரே ஒருவருக்கு இரண்டு வருஷ உபகாரச் சம்பளமும் கப்பல் செலவும் கொடுக்கிறது. விண்ணப்பிக்கிறவர் ஆந்திர ராஜ்யத்துக்காரராக இருக்கவேண்டும். அடுத்த வருஷம் இவருக்கு வயது தாண்டிவிடும். மெட்ராஸில் விசாரித்தபோது, ஊர் எங்களிடம் வரட்டும், நீங்களும் வாருங்கள் என்று அன்பாக அனுப்பிவைத்தார்களாம். இங்கேயோ, தேர்வுக் குழுவில் யாராவது ஒருவர், போகப்போகிற ஊர்க்காரனுக்கு நாம் ஏன் கொடுக்கவேண்டும் என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. அப்படி யாரும் இன்னும் கேட்கவில்லை. ஆனால் செங்கல்வராயன் அதைத் தினமும் கேட்கிறார். சோற்றைப் பிசையும்போதும், ஊசியைக் குத்தும்போதும், பஸ்ஸில் பின்சீட்டில் யாராவது இருமும்போதும்.

இப்படி இருக்கையில், நேர்முகத் தேர்வுக்கு முந்தின நாள் அவருடைய தகப்பனார் வந்து இறங்கினார்.

நாகபூஷணம் ஆறடி ஆள், குரல் ஏழடி. எல்லை விசாரணைக்கு அதிகாரி வந்தபோது, ஊரை மெட்ராஸோடு சேர்க்கவேண்டும் என்று மனுவோடு எழுந்து நின்றவர் இவர்தான். திருமலைக்கு நடந்தே ஏறி, முடி கொடுத்து, தலை முழுக்கச் சந்தனத்தோடு நேராக மகன் அறைக்கு வந்துவிட்டார். பையன் சீமைக்குப் போவதற்கான வேண்டுதலாம். போன பிறகுதானே முடி கொடுக்கவேண்டும் என்று கோவர்த்தனன் கேட்டான். "கடன் சொல்றது நமக்கு ஆவாதுப்பா. முன்னாடியே குட்த்துட்டேன். இனிமே சாமிபாடு" என்றார். பிறகு விசாரணைக் கதை ஆரம்பமாயிற்று. பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள்.

"எங்க ஊர்ல நாயிகூட தமிழ்லதான் கொலைக்கும், நீ வந்து கேட்டுப் பாருன்னேன். அந்த தொரை சிரிச்சிட்டாரு."

செங்கல்வராயன் சிரிக்கவில்லை. எழுந்து ஜன்னலைச் சாத்தினார். கதவைச் சாத்தினார். அதற்குமேல் சாத்துவதற்கு ஒன்றும் இல்லாததால், பெரியவர் காதருகே குனிந்து, "நைனா, நாளைக்கு ஒரு நாளு மட்டும் பேசாத இரு. உனக்குப் புண்ணியமாப் போவும்" என்றார். நாகபூஷணம் சுருக்குப் பையை அவிழ்த்தார். பிறகு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலேஜ் வராந்தாவில் ஒரு நீள பெஞ்சு. துணைக்கு என்னையும் அழைத்திருந்தார் செங்கல்வராயன், தமிழ் பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு. எனவே நான் தூணோடு தூணாக நின்றேன். பெஞ்சில் தகப்பனும் மகனும். மகன் கோட்டு மாட்டியிருந்தார். மடியில் பூச்சிப் பெட்டி. திறந்து திறந்து பார்த்ததில் ஏதோ ஒரு ஊசி கழன்று உள்ளே கிலுகிலுவென்று உருண்டது. பெரியவர் பெட்டியை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

குமாஸ்தா வெளியே வந்தார். அடுத்தது நீங்கள்தான் என்று செங்கல்வராயனிடம் தெலுங்கில் சொல்லிவிட்டு, சந்தனத் தலையைக் காட்டி, இவர் யார் என்று கேட்டார். சும்மா கேட்டதுதான்.

செங்கல்வராயன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "தெரிந்தவர். மலைக்கு வந்தவர்" என்று தெலுங்கில் சொன்னார்.

எல்லை ஊர்க்காரருக்குத் தெலுங்கு புரியாமல் இருக்குமா? பெரியவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ஒருமுறை இறுகித் தளர்ந்தன. குமாஸ்தா மரியாதையாக அவர் பக்கம் குனிந்து, "பெத்தாயனா, ஏ ஊரு?" என்று ஊரைக் கேட்டார்.

அதிகாரியின் முன்னால் ஊருக்காக எழுந்து நின்ற மனிதர், வலது கையைக் காதருகே கொண்டுபோனார். கேட்கவில்லை என்று தலையை ஆட்டினார். குமாஸ்தா இன்னும் உரக்கக் கேட்டார். இன்னும் பலமாகத் தலையை ஆட்டினார். பாவம், செவிடு போலிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே குமாஸ்தா உள்ளே போனார்.

நாகபூஷணம் பெட்டியை மகன் பக்கம் நகர்த்தி வைத்தார். பிறகு துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, உட்கார்ந்தவாக்கிலேயே மெள்ள நகர்ந்து, பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார். நடுவில் மூன்று பேர் உட்காரலாம்.

உள்ளேயிருந்து ராயலு என்று கூப்பிட்டார்கள். செங்கல்வராயன் பெட்டியோடு எழுந்தார். கதவை நோக்கி நடக்கவேண்டியவர், எதிர்ப்பக்கம் நடந்தார். பெஞ்சின் அந்தக் கோடி வந்ததும் அவர் கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டை கீழே விழுந்தது. விழுந்ததா, விட்டாரா என்று பக்கத்தில் நின்ற என்னாலேயே சொல்லமுடியாது. வராந்தாவின் இரு பக்கமும் ஒருமுறை பார்த்தார். கைக்குட்டையை எடுக்கிறவர்போல் குனிந்தார். குனிந்த கை, பெரியவரின் இரண்டு பாதங்களையும் தொட்டு, கண்ணுக்குப் போய் வந்தது. நிமிர்ந்தார். மளமளவென்று உள்ளே போய்விட்டார்.

கைக்குட்டை அங்கேயே கிடந்தது.