மருதமலைத் திருநீறு என்று சொன்னோம்

அம்மாவை ஓர் எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோனோம். தொண்ணூறுகளின் நடுவில், நானும் அப்பாவும்.

எலும்பையெல்லாம் பேரூரில், நொய்யலில் கரைத்தாயிற்று. உறவுக்காரர்கள் நின்றார்கள், குளித்தார்கள், போய்விட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் அப்பா இரண்டு கை சாம்பலை எடுத்து வைத்திருந்தார். அது இலங்கைக்கு. அங்கே அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவள் அம்மா. பாவாடை வயதில் குடும்பத்தோடு கப்பலேற்றி இந்தப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். வால்பாறைக்கு வந்து மறுபடியும் தேயிலையே பறித்தாள். அந்த மலைக்கு பஸ் ஓட்டிய அப்பாவைக் கட்டிக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது ஒன்றே ஒன்று. "நாங்க இருந்த லயத்து வீட்டுக்குக் கீழ ஒரு ஓடை போகும். அதுல விட்டுருங்க என்னை."

காந்திபுரத்தில் டிக்கெட் போட்டுக்கொடுத்தவர் பயமுறுத்தினார். "அங்க சண்டை நடக்குதுங்க. பொடியைக் கண்டாலே புடிச்சு உக்கார வெச்சுருவாங்க. சாவுச் சாம்பல்னா அதுக்கு வேற பேப்பர் கேப்பாங்க."

அப்பா மருதமலைக்குப் போய்த் திருநீறு வாங்கிவந்தார். சாம்பலின் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்கு வெள்ளையாகப் பரப்பினார்.

"கேட்டா திருநீறுன்னு சொல்லிப்போடலாம் அம்மணி. சாமி காரியத்துல யாரும் கை வெக்க மாட்டாங்க."

கை வைத்தார்கள்.

கொழும்பு விமான நிலையத்தில் சுங்க மேசைக்குப் பின்னால் ஒரு தமிழர். தூக்கமில்லாத கண்கள். டப்பாவைத் திறந்தார்.

"இதென்ன?"

"திருநீறுங்க. மருதமலைத் திருநீறுங்க."

"முருகன் கோயிலோ?"

"ஆமாங்க."

கடமைக்காக ஒரு பென்சிலை உள்ளே விட்டு, அடிவரை கிளறினார். வெள்ளைக்குள்ளிருந்து கருஞ்சாம்பல் எழுந்தது, புரண்டது, கலந்தது. அவர் எதையும் கவனிக்கவில்லை. மேசைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டார். கண்ணை மூடினார். மூன்று விரலால் அள்ளி நெற்றி நிறையப் பூசினார். விரலில் மிஞ்சியதை நாக்கில் வைத்துக்கொண்டார்.

"ஏனுங்க..." என்றார் அப்பா. தடுக்க நீட்டிய கை பாதி தூரம் போய்விட்டது.

"சொல்லுங்கோ ஐயா."

என்ன சொல்வது? சொன்னால் டப்பா போய்விடும், ஓடை போய்விடும். சொன்னால் அந்த மனிதர் நெற்றியை என்ன செய்வார், நாக்கை என்ன செய்வார்?

"ஒண்ணுமில்லீங்க."

"மகளுக்கு விடாத காய்ச்சல். இதில கொஞ்சம் தருவீங்களோ?"

"எடுத்துக்குங்க" என்றார் அப்பா. எங்கள் ஊர் வாய் அது. கேட்டவரிடம் இல்லை என்று சொல்லப் பழகவில்லை. அந்த அதிகாரி தாளைக் கிழித்துப் பொட்டலம் மடித்தார், சட்டைப் பையில் நெஞ்சோடு வைத்தார், எங்கள் மற்ற பைகளைத் திறக்காமலே அனுப்பினார்.

அட்டனுக்கு மலையேறும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்தார். டப்பா மடியில்.

"அந்தப் புள்ளை வாயில போட்டுருவாங்களே அம்மணி."

"அவரு எடுத்தது திருநீறாத்தான் இருக்குமுங்கப்பா."

"உனக்கெப்படித் தெரியும்?"

டப்பா மூடியை இன்னொரு முறை அழுத்தி மூடினேன்.

"உங்கம்மா இருந்தா, ஒரு டப்பாவை ஒழுங்காக் கொண்டாரத் துப்பில்ல, நீயெல்லாம் பஸ் ஓட்டி என்னத்தக் கிழிச்சேன்னு கேப்பா" என்றார். சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "அவன் கெட்டவனா இருந்திருந்தாச் சண்டையாவது போட்டிருக்கலாம்."

ஓடை இருந்தது. அதுதான் ஆச்சரியம். லயத்துப் பெண் ஒருத்தி இறங்கி வந்து காட்டினாள். தாண்டினால் தாண்டிவிடலாம், அவ்வளவு அகலம்தான். அப்பா முழங்கால் நனைய உட்கார்ந்து டப்பாவைச் சாய்த்தார். திருநீறும் அம்மாவும் ஒரே நிறமாகப் போனார்கள். டப்பாவைக் கழுவி ஊற்றினார். மறுபடியும் கழுவினார். ஒன்றும் வராத தண்ணீரையும் ஊற்றினார்.

கரைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். அப்பா எழுந்து நின்றார், நகரவே இல்லை.

"வாங்கப்பா, போலாம்."

"எந்தப் பக்கம் திரும்பறது அம்மணி? இங்க முதுகைக் காட்டிட்டு நடந்தா, நேரா கொழும்புலயும் நொய்யல்லயும் அவ இருக்கிற பக்கமாவல்ல போறோம்?"

நானும் இறங்கி அவர் பக்கத்தில் நின்றேன். தண்ணீர் அப்படிக் குளிர்ந்தது. கால் மரத்துப்போன பின்னும் நின்றோம்.