குரல் உயர்த்தாத மாமியார்

டப்பிங் ஸ்டூடியோவில் அவளுக்கு மாமியாரக்கா என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளி கையை விரித்துவிடுவார். வேற்றுமொழித் தொடர்களில் வருகிற கொடுமைக்கார மாமியார்களுக்கெல்லாம் தமிழில் அவள்தான் குரல். விஷம் வைக்கிறவள், நகையைப் பிடுங்குகிறவள், மருமகளை மாடிப்படியிலிருந்து உருட்டிவிடுகிறவள் என்று ஒரு பெரிய கூட்டமே அவள் தொண்டையில் குடியிருந்தது. "அடியேய்!" என்று அவள் ஒரு சத்தம் போட்டால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் சவுண்ட் என்ஜினியர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்துக்கொள்வார்.

வெளியில் இப்படிக் கத்திப் பிழைத்ததாலோ என்னவோ, வீட்டில் அவள் பரம சாது. கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று மகனை வளர்த்தாள். அவனுக்குக் கல்யாணம் ஆனபோது மனசுக்குள் ஒரு வைராக்கியம்: நான் அந்த மாதிரி மாமியாராக இருக்கமாட்டேன். அப்படித்தான் இருந்தாள். மருமகளை அதட்டியதில்லை, சமையலில் குறை கண்டதில்லை. "டிவில அந்தக் கத்து கத்துறது நீங்கன்னு சொன்னா யாரும் நம்பமாட்டாங்க அத்தை" என்று வந்த புதிதில் மருமகள் சிரித்தபோது இவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது.

இரண்டு வருஷம் போயிருந்தது. அன்று ஸ்டூடியோவில் தொடர் இல்லை, ஒரு முழுநீளப் படம். வேறு ஏதோ தேசத்தில் எடுத்தது.

"அக்கா, இதுல கத்தல் கிடையாது. ரொம்ப நல்ல அம்மா. பூ மாதிரி பேசணும்" என்றார் டப்பிங் டைரக்டர்.

"அப்பாடா, இன்னைக்காவது தொண்டை பிழைச்சுது" என்று சிரித்தபடி மைக் முன்னால் போய் நின்றாள்.

திரையில் ஒரு சமையலறை. நரைத்த தலையோடு ஒருத்தி காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். இளம்பெண் ஒருத்தி வந்து கதவோரமாக நிற்கிறாள். "அவர் ஹால்ல கேமரா வச்சிருக்கார். நான் யார்கிட்ட பேசுறேன், எப்ப வெளிய போறேன்னு ஆபீஸ்ல இருந்து பாக்குறார்" என்கிறாள். அந்த அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் கன்னத்தைத் தடவுகிறாள். மாமியாரக்கா பேசவேண்டிய இடம் அது.

"அவன் பாசத்துலதான்மா பண்றான். நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

டைரக்டர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். "ஒரே டேக்ல ஓகே! டயலாக் பேசின மாதிரியே இல்லக்கா. வீட்ல பேசுற மாதிரி இருந்துச்சு."

அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. வீட்டில் பேசுகிற மாதிரிதான். போன வாரம்தான் பேசினாள். துணி மடித்துக்கொண்டிருந்த மருமகள், "அத்தை, ஹால்ல இருக்கிற கேமரா திருடனுக்காக இல்ல, எனக்காகத்தான்" என்று தலை நிமிராமல் சொன்னபோது, இவளும் அப்படித்தான் அவள் கன்னத்தைத் தடவினாள். சொன்னதும் இதையேதான். அச்சு அசல்.

ஏதோ தற்செயல் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அடுத்த காட்சிக்குத் தயாரானாள்.

"இதுல வசனம் இல்லக்கா. மூச்சு மட்டும் விட்டாப் போதும்."

அதே சமையலறை. பக்கத்து அறையில் அந்தப் பெண் கெஞ்சுகிற சத்தம். என்னவோ விழுகிறது. மறுபடியும் விழுகிறது. அந்த நல்ல அம்மாள் ஒரு கணம் அப்படியே நிற்கிறாள். பிறகு குழாயை முழுசாகத் திறந்துவிடுகிறாள். தண்ணீர்ச் சத்தத்தில் மற்றதெல்லாம் அமுங்கிப்போகிறது. அவள் பாத்திரம் தேய்க்கிறாள்.

மாமியாரக்காவுக்கு மூச்சு வரவில்லை. அவள் வீட்டில் குழாய் இல்லை, டிவி. மகனுடைய அறைக்கதவு சாத்திக்கொள்ளும் சில சாயங்காலங்களில் அவள் ரிமோட்டைத் தேடி எடுத்துச் சத்தத்தைக் கூட்டியிருக்கிறாள். ஏன் கூட்டுகிறோம் என்று தன்னைத்தானே ஒரு நாளும் கேட்டதில்லை. புருஷன் பெண்டாட்டி விஷயம், நமக்கெதற்கு என்றுதான் இருந்தாள். இத்தனை வருஷமாக அவள் குரல் கொடுத்த கொடுமையெல்லாம் கண்ணை உருட்டிக்கொண்டு, பின்னணி இசையோடு வந்தது. இப்படிப் பாத்திரம் தேய்த்துக்கொண்டும் அது நிற்கும் என்று யாரும் அவளுக்குக் காட்டியிருக்கவில்லை.

"அக்கா? தண்ணி குடிக்கிறீங்களா?"

அப்போதுதான் போன் அதிர்ந்தது. மகன்.

"அம்மா, அவ வீட்ல இல்ல. காலைல கேமரா முன்னாடி கடந்து போனா, இன்னும் திரும்பல. போனும் ஆஃப். உன்கிட்ட ஏதாவது சொன்னாளா?"

"இல்லையேப்பா. கடைக்குப் போயிருப்பா."

"சரி. நான் ஆபீஸ்ல இருந்து கிளம்பிட்டேன். வரட்டும்."

அவன் கத்தவில்லை. பதவிசாக, தேன் தடவின மாதிரி சொன்னான். அந்த 'வரட்டும்' என்ற சொல்லைக் கேட்டு அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பையை எடுத்துக்கொண்டு, "வீட்ல ஒரு அவசரம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

டாக்ஸியில் உட்காரவே முடியவில்லை. ஒவ்வொரு சிக்னலும் அவளுக்காகவே சிவப்பானது போலிருந்தது. "கொஞ்சம் சீக்கிரம் போப்பா" என்று சொல்லிச் சொல்லி டிரைவர் அலுத்துப்போனார். மகன் முந்திக்கொண்டால்? முந்திக்கொண்டால் என்ன செய்வான் என்று யோசித்தபோதுதான், பெற்ற பிள்ளையைப் பற்றித் இப்படிப் பயப்படுகிறோமே என்பது உறைத்தது.

அடுக்குமாடியின் கீழே, கார் நிறுத்துமிடத்துத் தூணுக்குப் பின்னால் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். முகம் வெளிறிக் கிடந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி வேலை பாத்த கிளினிக்ல மறுபடி வேலை கேட்டுட்டு வரேன் அத்தை. பிசியோதெரபிக்கு ஆள் தேடுறாங்களாம். போன்ல சார்ஜ் போயிடுச்சு. மேல போக... பயமா இருக்கு."

'ஒண்ணும் ஆகாதும்மா, நான் சொல்லிக்கிறேன்' என்று வாய்வரை வந்ததை மாமியாரக்கா விழுங்கினாள்.

"நீ என்ன பண்ணணும்னு நினைக்கிற?"

மருமகள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"எங்க அக்கா வீட்டுக்குப் போகணும். என் சர்டிபிகேட்டெல்லாம் மேல இருக்கு."

"வா."

பாதிப் பெட்டிதான் அடுக்கியிருப்பார்கள். வாசற்கதவு திறந்து மூடிய சத்தம் கேட்டது. பிறகு சாவி திரும்பும் சத்தம். மகன் ஹாலில் நின்று சாவியைப் பேன்ட் பையில் போட்டுக்கொண்டான்.

"எங்க கிளம்பிட்டீங்க ரெண்டு பேரும்? உட்காருங்க. பேசலாம்."

"கதவைத் திறடா. அவ அவங்க அக்கா வீட்டுக்குப் போறா."

"இது எங்களுக்குள்ள இருக்கிற விஷயம்மா. நீ டிவி பாரு."

அந்த வார்த்தை அவளைச் சுருக்கென்று குத்தியது. அவனுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா டிவியைச் சத்தமாக வைப்பாள் என்ற தைரியத்தில்தான் அவன் இத்தனை நாள் இருந்திருக்கிறான்.

"அவ மேல கை வச்சிருக்கியாடா?"

"என்னம்மா இது? சினிமாவைப் பாத்துட்டு வந்து என்கிட்ட வசனம் பேசுறியா?"

"ஆமாடா, பாத்துட்டுத்தான் வந்தேன். பாத்துத்தான் புரிஞ்சுது. அதுல என்ன கேவலம்? கதவைத் திற."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். மருமகள் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டினாள். அடி வாங்கிப் பழகின உடம்பு அப்படித்தான் ஒடுங்கும். மாமியாரக்கா அதைக் கண்ணால் பார்த்தாள். அடுத்த நொடி, வீட்டில் இத்தனை வருஷமாக வெளியே எடுக்காத குரல் அவளிடமிருந்து கிளம்பியது.

"திறடா!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாடி முழுக்கக் கேட்டிருக்கும். எதிர்வீட்டுக் கதவு திறக்கிற ஓசை. அழைப்புமணி அடித்தது.

"என்னம்மா? ஏதாச்சும் பிரச்சினையா?" எதிர்வீட்டுப் பெரியவர்.

மகன் உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் கெஞ்சினான். அம்மா, மானம் போயிடும் என்றன அந்தக் கண்கள். 'ஒண்ணுமில்லீங்க, டிவி சத்தம்' என்று சொன்னால் போதும், எல்லாம் அடங்கிவிடும்.

"ஆமாங்க, பிரச்சினைதான். என் மகன் எங்களை உள்ள வச்சுப் பூட்டியிருக்கான்."

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்துகொண்டன. மகனுடைய முகம் சுண்டிப்போனது. சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

மருமகளை அவளுடைய அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பியபோது அவன் வீட்டில் இல்லை. சில நாள் கழித்து நண்பன் அறையில் தங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. மாதக்கணக்காக அம்மாவிடம் பேசவில்லை. "பெத்தவளே ஊரைக் கூட்டிட்டா" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொண்டு திரிந்தான். அவர்களில் பலரும் அவன் பக்கம்தான் நின்றார்கள். ஆலோசகர் ஒருவரிடம் இரண்டு முறை போனானாம், அப்புறம் போகவில்லையாம். இனிப் போவானா என்று அவளுக்குத் தெரியாது. ராத்திரி தட்டுப் போடும்போது அவன் நினைப்பு வந்து சோறு இறங்காமல் தவிப்பது மட்டும் நிற்கவில்லை.

மருமகளுக்குக் கிளினிக்கில் வேலை கிடைத்தது. பிரிவதா சேர்வதா என்று அவள் இன்னும் முடிவு செய்யவில்லை, மாமியாரக்காவும் கேட்கவில்லை. தோள்வலிக்கு வைத்தியம் என்று சாக்குச் சொல்லி ஒருநாள் கிளினிக்குக்குப் போனாள். மருமகள் அவள் கையைப் பிடித்து மெதுவாகச் சுழற்றிவிட்டாள்.

"அன்னைக்கு நீங்க வந்தது பெரிய விஷயம் அத்தை. அதை மறக்கமாட்டேன்" என்றாள் மருமகள். கை நிற்கவில்லை. "ஆனா அதுக்கு முன்னாடி நான் உங்ககிட்ட எத்தனையோ தடவை சொன்னேன். அதையும் மறக்க முடியல."

"மறக்காதம்மா" என்றாள் மாமியாரக்கா.

மருமகள் அவள் கையை இறக்கிவைத்தாள். அவளுடைய தோளைப் பிடித்து, "இங்க வலிக்குதா?" என்று கேட்டாள். உண்மையாகவே அங்கே வலித்தது.